இரண்டு ஆட்காட்டிகள்

மாசிக் கடைசியில் ஒரு நாள் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்குச் சென்றிருந்தேன். கரையில் கால் வைத்த மறுகணமே ஒரு பறவை என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. தலைக்கு மேல் வட்டமிட்டு அது எழுப்பிய கூக்குரலில், நீரில் மிதந்த வாத்துகள் எல்லாம் விலகிப் போயின. ஆட்காட்டி என்று நம்மவர் இதற்குப் பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்!

அது செம்மூக்கு ஆட்காட்டி. தலையும் மார்பும் கருமை. கண்ணருகே தொடங்கும் வெண்பட்டை கழுத்தின் பக்கமாக இறங்கும். அலகும், கண்ணின் முன்னுள்ள சதைமடிப்பும் சிவப்பு. நீர்நிலையை விட்டு இது அதிகம் விலகுவதில்லை.

மறுநாள் பெரம்பலூர்ப் பக்கம், அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த மக்காச்சோளக் கொல்லையில் இதன் உறவினரைக் கண்டேன். இது மஞ்சள் மூக்கு ஆட்காட்டி. உருவில் சற்றுச் சிறியது, குரலும் அவ்வளவு உரத்ததன்று. உச்சந்தலையில் கருந்தொப்பி, அதன்கீழ் வெண்கோடு, சதைமடிப்பு மஞ்சள். மார்போ மண்ணின் பழுப்பு. மார்பைப் பார்த்தே இரண்டையும் பிரித்தறியலாம். இரண்டுக்கும் கால் மஞ்சளே. காலை நம்பினால் ஏமாறுவீர்கள்! 1783-ஆம் ஆண்டில் போடார்ட் என்னும் டச்சு அறிஞர் இவ்விரண்டுக்கும் அறிவியற் பெயர் சூட்டினார்.

பிறப்பால் இரண்டும் கரைப்பறவைக் குலமே. ஆயினும் இளையது கரையைத் துறந்து, கரம்பையும் கட்டாந்தரையையும் தன் வீடாக்கிக்கொண்டது. வண்டும் கறையானும் அதற்கு உணவு. கோடையில் வெறுந்தரையில் சிறு குழி பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டை இடும். வெயில் கடுமையானால் வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். இவ்வழக்கம் செம்மூக்குக்கும் உண்டு. ஆனால் அதற்கு நீர் அருகிலேயே இருக்கிறது.

கரைவெட்டி 1999-இல் சரணாலயமாயிற்று. சுமார் 450 ஹெக்டேர் பரப்புள்ள அது 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மஞ்சள் மூக்கு வாழும் நிலத்துக்கோ தரிசு என்ற பெயர்தான் உண்டு. உழவோ, சுண்ணாம்புக்கல் வெட்டோ, எதற்கும் முதலில் கைவைப்பது அங்கேதான்.

அந்தக் கொல்லையில் நான் அடுத்த அடி வைக்குமுன், உழவர் ஒருவர் என்னைக் கையமர்த்தி, தம் கோலால் தரையைச் சுட்டினார். இரண்டு சாண் தொலைவில் நான்கு முட்டைகள். மண்ணாங்கட்டி என்றே எண்ணியிருப்பேன்.

"பொரிக்க எத்தனை நாளாகுங்க?" என்று கேட்டார்.

"ஏறக்குறைய நான்கு வாரம்" என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். "அதுக்குள்ளே ஒரு கோடை மழை பெஞ்சா, உழாம இருக்க முடியாதுங்களே ஐயா."