இருக்கைக்கு அடியில் ஒரு குடை

காலை ஆறு மணி வானொலி நிகழ்ச்சிக்கு ஐந்துக்கே கிளம்புகிறவன் நான். இருட்டில், கூட்டரசு நெடுஞ்சாலை முழுக்க எனக்குத் துணை டேஷ்போர்டில் எரிந்த ஒரு விளக்குதான்: உட்கார்ந்திருக்கும் ஆள், அவர் முன்னே ஒரு பந்து. கார் நன்றாகத்தானே ஓடுகிறது என்று இரண்டு மாதம் விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு அம்மாவை ஈப்போவுக்கு அழைத்துப் போகுமுன் சர்வீசுக்கு விட்டேன். பட்டறை அண்ணன் கேட்டார்: "இது எரிஞ்சா, மோதும்போது ஏர்பேக் விரியாமலே போகலாம். தெரியுமா தம்பி?"

என் பக்கத்து இருக்கையில்தான் அம்மா உட்காருவார்.

காரை முடுக்கியதும் அந்த விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு, எரியவே இல்லையென்றாலும் கோளாறுதான். என் காரில் குற்றவாளி, அந்த இருக்கைக்கு அடியில் நான் திணித்த குடை. அங்கே போகும் மஞ்சள் ஒயர் இணைப்பை இடித்துத் தளர்த்தியிருந்தது. அதை நாமே நோண்டக்கூடாது. அண்ணனே பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்துதான் கை வைத்தார்.

(சிவப்பில் எண்ணெய்க் கேன் எரிந்தால் பட்டறைவரைகூட ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை அணையுங்கள்.)

குடை இப்போது காரின் பின்பக்கம். மழையில் அதை எடுப்பதற்குள் நனைந்துவிடுகிறேன்.