காஞ்சியில் ஒரு ராத்திரி தங்குங்கள்

மதியம் பன்னிரண்டரை வாக்கில் காஞ்சிபுரத்தின் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க நான்கு மணி ஆகும். சென்னையிலிருந்து காரில் வந்தவர்கள் அதற்குள் காமாட்சியம்மனையும் ஏகாம்பரநாதரையும் தரிசித்துவிட்டு, காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை ஏறி இறங்கி, சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுகிறார்கள். வெறும் 75 கிலோமீட்டர், ராத்திரி எதற்குத் தங்க வேண்டும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கில் ஊரின் பாதி விடுபட்டுப் போகிறது. தறி ஓடும் தெருக்கள், பல்லவர் கதை சொல்லும் சுவர்கள், முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் உத்திரமேரூர் எல்லாம் அரை நாள் பயணத்தில் அடங்காதவை. ஒரு ராத்திரி தங்கினால் போதும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

வருவதற்கே செலவு குறைவுதான். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வழியாக மின்சார ரயில் நேராகக் காஞ்சிபுரம் வருகிறது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ரயில்களும் குறைவு என்பதால் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பேருந்துகள் அடிக்கடி உண்டு.

தங்குவதற்குப் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் நெல்லுக்காரத் தெருவிலும் சாதாரண லாட்ஜுகள் இருக்கின்றன. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் இருக்கிறது. அறை எடுக்கும்போது வாடகையோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக்குக் காலி பண்ண வேண்டுமா? காலை பத்து மணிக்கு வந்து சேர்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. பேருந்து நிலையப் பக்கம் எடுத்தால் பின்புறத்து அறையாகக் கேட்பது தூக்கத்துக்கு நல்லது.

அதைவிட முக்கியம், காலண்டரில் முகூர்த்த நாட்களைப் பார்ப்பது. கல்யாணப் பட்டு எடுக்கக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும் ஊர் இது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை, பங்குனி உத்திரம் போன்ற திருவிழா நாட்களில் அறை கிடைப்பதே கஷ்டம். முகூர்த்தம் இல்லாத மார்கழியில், வார நாளாகப் பார்த்து வந்தால் கூட்டமும் வெயிலும் குறைவு. 2019-இல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாட்களும் ஊர் திணறியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் வைபவம் என்பதால் அடுத்தது 2059-இல்தான்.

கோயில் சாத்தியிருக்கும் அந்த மத்தியான நேரம்தான் தறி பார்க்க ஏற்ற நேரம். ஊரின் மேற்கே பிள்ளையார்பாளையம் பரம்பரையாக நெசவாளர் வாழும் பகுதி. வீட்டு வாசலில் நின்று, பார்க்கலாமா என்று கேட்டால் பலர் உள்ளே கூப்பிடுவார்கள். கோர்வைச் சேலை ஓடும் தறியாக இருந்தால் அங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் அமர்ந்து ஒரு பக்கத்துக் கரைக்கான ஊடை நூலை ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொடுக்கிறார். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்வதால், அரக்கு உடலின் நிறம் பச்சைக் கரைக்குள் ஒரு இழைகூடக் கலப்பதில்லை. சேரும் இடத்தில் ரம்பப் பல் போல ஒரு வரிசை தெரியும். முந்தியின் நிறம் வேறாக இருந்தால், பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து நெய்து, பிறகு பழையதை வெட்டிவிடுவார்கள். அந்த இடத்துக்குப் பேட்னி என்று பெயர். உடலும் முந்தியும் கூடும் இடத்தில் கை வைத்துப் பார்த்தால் ஒரு தடித்த கோடு தட்டுப்படும்.

இதைக் கண்ணால் பார்த்தவர் கடையில் சேலையை விரிக்கும் விதமே மாறிவிடும். வைர ஊசியா, கோபுரக் கரையா என்று வடிவத்தைப் பார்த்த கையோடு, சேலையைத் திருப்பிப் போட்டுக் கோர்வையையும் தேடுவார். காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. இருந்தும் அந்தப் பெயரில் வேறு சேலைகளும் விற்பனையாகின்றன. எனவே முதலில் கூட்டுறவுச் சங்கங்களின் கடைக்குப் போய் விலையும் தரமும் பார்ப்பது நல்லது; விலை ஒட்டியிருக்கும், ஜரிகையின் தரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வண்டி ஓட்டுநர் தானாக அழைத்துப் போகிற கடையில் அவருக்கான கமிஷனும் விலையில் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. ஒரு சேலைக்குப் பின்னால் பத்து நாள் முதல் ஒரு மாதம் வரை உழைப்பு இருக்கிறது. தறி வீட்டில் பேரம் பேசாதிருப்பதே மரியாதை.

பிள்ளையார்பாளையத்திலிருந்து கைலாசநாதர் கோயில் கிட்டத்தில்தான். கி.பி. 700-ஐ ஒட்டி ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லில் எழுப்பியது. திருச்சுற்றில் வரிசையாக 58 சிற்றாலயங்கள்; சிலவற்றின் உட்சுவரில் அந்தக் காலத்து ஓவியத்தின் மிச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருவறையைச் சுற்றும் வழி மிகக் குறுகலானது. தவழ்ந்து நுழைந்து தவழ்ந்தே வெளியே வர வேண்டும்; அப்படிச் சுற்றினால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. அவசரமில்லாதவர்கள் வேகவதி ஆற்றைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலையும் பார்த்துவிடலாம். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டிய சங்கீத மண்டபத்தின் கூரையைப் பார்த்துக் கழுத்து வலித்தாலும் கண்ணை எடுக்க மனம் வராது. முழுக்கத் தீர்த்தங்கரர் கதைகள் தீட்டிய ஓவியங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில். நூற்றுக்கால் மண்டபத்துக் கல் சங்கிலியை எல்லோரும் பார்ப்பார்கள். பிரசாத இட்லியையும் விடக்கூடாது. மந்தார இலை பரப்பிய மூங்கில் குடலையில் மாவை ஊற்றி மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் சேர்வதால் சட்னி தேவைப்படாது.

மறுநாள் காலை முதலில் வைகுண்டப் பெருமாள் கோயில். பல்லவ வம்சத்தில் நேர் வாரிசு இல்லாமல் போனபோது, கிளைக் குடும்பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனை அழைத்துவந்து முடிசூட்டினார்கள். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். தூதர்கள் போனது, அவன் வந்தது, பட்டம் ஏற்றது எல்லாம் திருச்சுற்று மாளிகைச் சுவரில் சிற்ப வரிசையாக ஓடுகின்றன. தமிழ்நாட்டில் ஒரு அரச வம்சத்தின் வரலாற்றை இப்படிக் கல்லில் தொடராகப் படிக்க வேறு இடம் கிடைப்பது அரிது. இவ்வளவு இருந்தும் பெரிய கோயில்களின் கூட்டத்தில் ஒரு பங்குகூட இங்கே வருவதில்லை என்பது வருத்தம்தான்.

அதே நந்திவர்மன் காலத்தில் உருவான ஊர் உத்திரமேரூர். பேருந்தில் ஒரு மணி நேரம். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரின் முப்பது குடும்புகளிலிருந்தும், அதாவது வட்டங்களிலிருந்தும், ஊர்ச் சபைக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்த விதிகள் அவை. வயது 35-க்குக் குறையாமல் 70-க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். வரி கட்டும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள்.

பயணம் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் அமைந்தால், உத்திரமேரூரிலிருந்து அப்படியே வேடந்தாங்கல் போய்விடலாம். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் ஏரி மரங்களில் கூடு கட்டியிருக்கும் பருவம் அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்கள் தலைமுறைகளாக அவற்றைக் காத்து வந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட வந்தபோது முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உரிமை வாங்கியதும் அவர்கள்தான். மாலையில் பறவைகள் திரும்பும் நேரம் வரை இருந்துவிட்டுச் செங்கல்பட்டு போனால், மின்சார ரயிலில் சென்னை திரும்பலாம். காஞ்சிபுரம் வரை மறுபடி வர வேண்டியதில்லை. பையைக் காலையிலேயே எடுத்துக்கொண்டு, அறையைக் காலி பண்ணிவிட்டுக் கிளம்புவது வசதி.