குதிரைக்கு வரிக்குதிரை டிரெஸ்!

மெரினா பீச்சுல குதிரை மேல ஏறி ஸ்டைலா போட்டோ எடுத்திருப்பீங்க. ஃப்ரெண்ட் 'ஸ்மைல் ப்ளீஸ்' சொன்னப்போ, அந்தக் குதிரை என்ன பண்ணிட்டு இருந்ததுனு கவனிச்சீங்களா? வாலைச் சுழற்றும், காலைத் தரையில் உதைக்கும், தோலை மட்டும் வெடுக்கென்று சிலிர்க்கும். சேட்டை இல்லீங்க... ஈத்தொல்லை!

நமக்குக் கை இருக்கு, பட்டுனு அடிச்சிடுவோம். குதிரைக்கு வால் எட்டுற இடம் வரைக்கும்தான் பாதுகாப்பு. கண்ணோரம் ஈ உட்கார்ந்தா, பாவம், தலையை ஆட்டிக்கிட்டே நிற்க வேண்டியதுதான்.

ரத்தம் கேட்கும் மேடம்!

குதிரை ஈயில் ஆண் பரம சாது, பூந்தேனோடு சரி. முட்டை வைக்க ரத்தம் தேடுவது பெண்தான். கொசு மாதிரி நைசா ஊசி போடாது. கத்தி போலத் தோலைக் கிழித்து, வழியும் ரத்தத்தை நக்கும். வலி தாங்காமல் குதிரை உதறினால், பாதி சாப்பாட்டில் எழுந்து பக்கத்துக் குதிரைக்குப் பறக்கும், வாயில் காயாத ரத்தத்தோடு!

மேட்டரே இங்கேதான். 'சர்ரா' என்ற நோயின் கிருமி இப்படித்தான் பரவுகிறது. காய்ச்சல் வரும், ரத்தம் குறையும், உடம்பு மெலியும். வைத்தியம் பார்க்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. 1880-ல் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர். இடம், அன்றைய இந்தியாவில் இருந்த தேரா இஸ்மாயில் கான். இப்போ அது பாகிஸ்தானில்.

கோட்டு போட்ட குதிரை

இங்கிலாந்தில் ஒரு ஆராய்ச்சிக் குழு, குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, வரிக்குதிரை டிசைன் என்று மாற்றி மாற்றி கோட்டு மாட்டிப் பார்த்தது. 2019-ல் ரிசல்ட் வெளியானது. வரி போட்ட கோட்டில் வந்து உட்கார்ந்த ஈக்கள் ரொம்பக் கம்மி! பக்கத்தில் வரைக்கும் பறந்து வரும் ஈ, வரியைப் பார்த்ததும் பிரேக் போட முடியாமல் மோதும், இல்லைனா தாண்டிப் போயிடும். ஆனா கோட்டு மூடாத தலையில் ஈ வழக்கம் போல ஜம்முனு உட்கார்ந்தது. அதனாலதான் முகத்துக்குத் தனியா வலைத்துணி முகமூடி விற்கிறாங்க. அதைப் போட்டாலும் குதிரைக்குக் கண் தெரியும்.

காசில்லாத வைத்தியம்

கோட்டு வாங்க வசதி இல்லையா? நோ டென்ஷன். வெயில் காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். லத்தியையும் நனைந்த வைக்கோலையும் தினமும் அள்ளினாலே பாதி வேலை முடிஞ்சுது. லாயத்தில் ஒரு ஃபேன் ஓடினால் கடிக்கும் குட்டிப்பூச்சிகள் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாமல் தவிக்கும். அழகுக்காக வாலை ஒட்ட நறுக்கக் கூடாது; அதுதானே அதுக்கு இருக்கிற ஒரே ஆயுதம்!

அடுத்த தடவை பீச்சுக்குப் போனா, ஏறுறதுக்கு முன்னாடி குதிரையோட கண்ணோரத்தைப் பாருங்க. ஈ மொய்க்கும் புண் இருந்தா, "அண்ணே, டாக்டர்கிட்ட காட்டுங்க"னு குதிரைக்காரர்கிட்ட சொல்லுங்க. வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம்தான். அன்னிக்கு சவாரி வேண்டாம்.

போட்டோ எப்போ வேணா எடுத்துக்கலாம் பாஸ்!