உங்களுக்குத் தெரியுமா? மூன்று புள்ளிகளின் முன்கதை

ஆண்ட்ராய்டு செயலிகளின் மேல்மூலையில் நிற்கும் மூன்று புள்ளிகளின் வேலையை, முன்பு போனிலேயே இருந்த ஒரு பொத்தான்தான் பார்த்தது. 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் ‘மெனு’ பொத்தானை அழுத்தினால், திரையின் அடியில் ஆறு கட்டங்கள் வரை விரியும். கட்டளைகள் ஆறைத் தாண்டினால் கடைசிக் கட்டம் ‘மேலும்’ என்று மாறிவிடும். எந்தச் செயலியில் மெனு உண்டு என்பது அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்!

2011-இல் டேப்லெட்டுகளுக்காக வந்த ஹனிகோம்ப் பதிப்பு, ஆக்‌ஷன் பார் என்ற மேல்பட்டையில் முக்கியக் கட்டளைகளை ஏற்றியது. இடம் கிடைக்காதவை மேல்மூலையில் திறக்கும் மெனுவுக்குள் ஒதுங்கின.

ஆனால் 2012-இன் சாம்சங் கேலக்ஸி எஸ்3-இல் பழைய பொத்தானும் தொடர்ந்தது. பொத்தான் இருக்கும் போனில் அன்றைய ஆண்ட்ராய்டு புள்ளிகளைக் காட்டாது. பொறுமையிழந்த நிரலாளர்கள் சிலர், ‘இதில் மெனு பொத்தானே இல்லை’ என்று ஆண்ட்ராய்டையே ஏமாற்றும் குறுக்குவழியைத் தங்கள் செயலிகளில் சேர்த்துவிட்டார்கள்.