பி.பி. பார்த்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள்?

அண்மைக் காலமாகப் பிரசவ வார்டுக்குத் தாமதமாக வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. கைப்பேசியில் தேதிவாரியாக பி.பி. குறித்து வைத்திருக்கிறார்கள். 148/96, 152/100, 158/104. "எல்லாம் கரெக்டா நோட் பண்ணியிருக்கோம் டாக்டர்" என்று கணவர் காட்டும்போது, உள்ளே மனைவிக்கு வலிப்பு வந்து மெக்னீசியம் சல்பேட் ஏறிக்கொண்டிருக்கும். குறித்தது சரி. அதை ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாமே!

"மிஷின் தப்பா காட்டுது"

அதிகம் காட்டினால் மிஷின்மேல் சந்தேகம், குறைவாகக் காட்டினால் முழு நம்பிக்கை. "நார்மல் ஆயிடுச்சு" என்று மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துகிறார்கள். மாத்திரை போட்டதால்தான் அம்மா அது நார்மல்!

ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். 140/90-ஐத் தொட்டால் அன்றே மருத்துவமனை. 160/110 என்றால் உடனே 108. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்றால் மிஷினைத் தேடவே வேண்டாம், கிளம்புங்கள். அந்த வலியை வாய்வு என்று சொல்லி, ஓமத் தண்ணீர் கொடுத்து இரவைக் கடத்தும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

செயலியும் டாப்ளரும்

"குழந்தை இப்போது மாங்காய் அளவு" என்று வாராவாரம் சொல்லும் செயலிக்கு உங்கள் ரத்தசோகை தெரியாது. ஆன்லைனில் டாப்ளர் வாங்கி வீட்டிலேயே இதயத்துடிப்பு கேட்பவர்களும் உண்டு. அசைவு குறைந்த அன்று அதை வயிற்றில் வைத்து, "டக் டக்னு கேக்குது" என்று நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். கேட்டது தாயின் ரத்தநாளத் துடிப்பாக இருக்கலாம். குழந்தையின் துடிப்பே என்றாலும், அது நலமாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அசைவு குறைந்தால் வர வேண்டும், அவ்வளவுதான்.

யூடியூப் வைத்தியம் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. 2018-இல் திருப்பூரில் அதைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் உதிரப்போக்கால் இறந்தார்.

பிக்மி எண் சர்டிபிகேட்டுக்கு மட்டுமா?

தமிழகத்தில் கர்ப்பத்தைப் பதிந்ததும் கிடைக்கும் 12 இலக்க எண்ணைப் பிறப்புச் சான்றிதழுக்கும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணத்துக்கும் என்றே பலர் நினைக்கிறார்கள். ரத்தசோகை, பி.பி., முந்தைய சிசேரியன் உள்ளவர்களைத் தனியே குறித்துப் பின்தொடரத்தான் அந்தப் பதிவு.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும்போது தொடர்பு அறுந்துவிடுகிறது. பதிவில் இருப்பதோ வெளியூரில் வேலை பார்க்கும் கணவரின் எண். செவிலியர் கூப்பிட்டால் லோன்காரர்கள் என்று கட் செய்கிறார். குழந்தைக்கு 6, 10, 14 வாரத் தடுப்பூசி நினைவூட்டலும் அதே எண்ணுக்குத்தான் போகும்.



கெஞ்சிக் கேட்கிறேன்

ஊர் மாறும் முன் கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அம்மா ஊர் செவிலியரின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பிணியின் கையிலேயே இருக்கும் எண்ணைப் பதிவில் கொடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தொந்தரவு செய்கிறோமே என்று தயங்காதீர்கள், அதற்காகத்தான் டியூட்டியில் ஆள் இருக்கிறது. சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

குழந்தை பிறந்துவிட்டது என்று பி.பி. மிஷினைப் பரணில் போட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை வலிப்பு வரக்கூடும்.