சிறு காந்தமும் பெரிய மோட்டாரும்

புனே நகரின் அடுக்ககங்களில் வாழ்வோர் தண்ணீர் வரும் நேரத்தை நன்கறிவர். கடக்வாஸ்லா அணையின் நீர் மாநகராட்சிக் குழாய் வழியே வந்து தரைத்தொட்டியில் சேர்கிறது; அதை மோட்டார் மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்தும் காந்த உணரி ஒன்றை எங்கள் வளாகத்திலும் பொருத்தினோம். மூன்றாம் நாள் அதிகாலையில் தொட்டி நிரம்பி வழிந்தும் மோட்டார் நிற்கவில்லை. அதன் காரணத்தை ஆராய்ந்தபோது நாங்கள் கற்றதை வாடிக்கையாளர்களுக்கும் சொல்ல விழைகிறோம்.

இத்தகைய உணரியின் உள்ளே இருப்பது ரீட் சுவிட்ச். 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் என்பவர் இதனை உருவாக்கினார். சிறிய கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய நிக்கல்-இரும்புத் தகடுகள் மயிரிழை இடைவெளியில் நிற்கும். காந்தம் நெருங்கினால் அவற்றின் நுனிகள் எதிரெதிர்த் துருவங்களாகி ஒன்றையொன்று ஈர்த்துத் தொடும். காந்தம் விலகினால் பிரியும். தொட்டியில் அந்தக் காந்தம் மிதவைக்குள் இருக்கிறது. நீர் உயர மிதவையும் உயர்ந்து சுவிட்சை இயக்குகிறது. காந்தப்புலம் பிளாஸ்டிக்கை ஊடுருவுவதால் நீர் மின்பகுதியைத் தொடுவதில்லை.

ஆனால் இந்தத் தகடுகள் மெலிந்தவை. பரவலாகக் கிடைக்கும் சிறிய ரீட் சுவிட்சு ஏறத்தாழ அரை ஆம்பியர் மின்னோட்டத்தையே தாங்கும். 1 குதிரைத்திறன் கொண்ட ஒருமுனை மோட்டாரோ ஓடும்போதே ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதனினும் பல மடங்கு இழுக்கும். எங்கள் வளாகத்தில் உணரியை மோட்டாரின் மின்வழியிலேயே நேராக இணைத்துவிட்டனர். தகடுகள் சூடேறி ஒன்றோடொன்று பற்றிக்கொண்டன. மிதவை உயர்ந்தும் அவை பிரியவில்லை.

வங்கியில் பணம் வழங்க ஒருவர் குறிப்பெழுதுவார்; மற்றொருவர் ஒப்புதல் அளிப்பார்; காசாளர் பணத்தைத் தருவார். இங்கும் அம்முறையே தகும். உணரி 12 வோல்ட் சுற்றில் ஒரு சிறிய ரிலேயை மட்டும் இயக்க வேண்டும். அதற்குச் சில பத்து மில்லிஆம்பியர் போதும். அந்த ரிலே காண்டாக்டரை இயக்கும். மோட்டாரின் முழுச் சுமையையும் காண்டாக்டரே தாங்கும். ரிலே அணையும்போது அதன் சுருளில் எழும் உயர் மின்னழுத்தம் உணரியின் தகடுகளைத் தாக்காதிருக்கச் சுருளின் குறுக்கே ஒரு டையோடு வேண்டும்.

மற்றொன்றும் இன்றியமையாதது. தொட்டி நிறையாதவரை சுற்று மூடியிருந்து, நிறைந்ததும் திறக்குமாறு அமைக்க வேண்டும். அப்போது எலி கம்பியைக் கடித்தாலும் மோட்டார் நின்றுவிடும். வங்கிக் கிளைகளின் கதவுகளிலும் கடை ஷட்டர்களிலும் பொருத்தப்படும் காந்தத் தொடர்புகளும் பெரும்பாலும் இவ்வாறே இயங்குகின்றன. கம்பியை அறுத்தால் கதவு திறந்ததாகவே கொண்டு எச்சரிக்கை மணி ஒலிக்கும்.

ஆகவே, உணரி பொருத்த வருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மோட்டாரின் சுமையைத் தாங்குவது எது? கம்பி அறுந்தால் மோட்டார் நிற்குமா? தரைத்தொட்டி வற்றினால் மோட்டாரை நிறுத்த அங்கும் ஓர் உணரி உண்டா? தெளிவான விடை கிடைத்தபின் பணம் செலுத்துங்கள். வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யட்டும்.