மாந்திரீகமும் கல்வி ஆய்வும்

முன்னுரை

மாந்திரீகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் சிலர் அஞ்சுவர், சிலர் நகைப்பர். இவ்விரு சாராரும் அதனை ஆராய முற்படுவதில்லை. ஆயினும் உலகப் பல்கலைக்கழகங்கள் சில இதனை முறையான கல்விப் பொருளாகவே கொண்டுள்ளன. நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் 1999ஆம் ஆண்டு மறைஞான மெய்யியல் வரலாற்றுக்கெனத் தனி இருக்கை நிறுவப்பட்டது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகம் மந்திரமும் மறைபொருளியலும் பற்றிய முதுகலைப் படிப்பை 2024ஆம் ஆண்டு தொடங்கியது. அப்படிப்பு அங்குள்ள அரபு, இஸ்லாமிய ஆய்வு நிறுவனத்தில் இடம்பெற்றிருப்பது நம் கருத்துக்குரியது. அங்கு மந்திரம் செய்யும் முறை கற்பிக்கப்படுவதில்லை. மந்திரத்தை நாடிய மனிதரின் வரலாறும் வாழ்வும் கற்பிக்கப்படுகின்றன. இத்தகைய ஆய்வு நம் நாட்டுக்கும் நம் சமுதாயத்துக்கும் இன்றியமையாதது என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

இலக்கியம் காட்டும் வெறியாட்டு

இவ்வாய்வின் வித்து நம் சங்க இலக்கியத்திலேயே உள்ளது. தலைவியின் மேனி மெலிகிறது, நிறம் வேறுபடுகிறது. காரணம் அறியாத தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கிட்டுக் குறி பார்த்து, முருகன் அணங்கியதால் வந்த நோய் என்கிறான். களம் இழைத்து, மறியறுத்து வெறியாட்டு நிகழ்த்துகிறான். ஆனால் அருகில் நிற்கும் தோழி உண்மையை அறிவாள். நோய்க்குக் காரணம் முருகன் அல்லன். மலைநாட்டுத் தலைவனே என்பது அவளுக்குத் தெரியும். ஐங்குறுநூற்றின் வெறிப்பத்து முழுவதும் இச்சூழலைப் பாடுவதே.

புலவர்கள் வேலனின் சடங்கை நுணுக்கமாகப் பதிவு செய்துள்ளனர். அதே வேளையில், சொல்ல இயலாத ஒரு துயரத்துக்குச் சமூகம் இட்ட பெயரே அணங்கு என்பதையும் தோழியின் வாயிலாகக் காட்டிவிடுகின்றனர். இன்றைய ஆய்வாளர் வினவும் வினாவும் இதுவே: இச்சடங்கின் பின்னே மறைந்து நிற்கும் துயரம் யாது?

இஸ்லாமிய அறிஞர் நோக்கு

திருக்குர்ஆன் ஸூரத்துல் பகராவில் சூனியத்தைக் கற்பித்தோரைக் கண்டிக்கிறது. ஸூரத்துல் ஃபலக்கில் முடிச்சுகளில் ஊதுவோரின் தீங்கிலிருந்து இறைவனிடமே பாதுகாவல் தேடக் கற்பிக்கிறது. சூனியம் விலக்கப்பட்டது என்பதில் மார்க்க அறிஞரிடையே ஐயமில்லை. ஆயினும் விலக்கப்பட்ட ஒன்றைப் பற்றி அறிவதை அவர்கள் விலக்கவில்லை. அல்பிரூனி ஏறத்தாழ 1030இல் எழுதிய இந்தியா பற்றிய நூலில் இந்நாட்டு இரசவாதத்தையும் மந்திர நம்பிக்கைகளையும் ஆய்ந்து கடுமையாக மறுத்துரைத்தார்.

இப்னு கல்தூன் 1377ஆம் ஆண்டு இயற்றிய முகத்திமாவில் சூனியம், தாயத்து ஆகியவற்றுக்குத் தனி இயலே வகுத்தார். சூனியம் உண்டு என ஏற்ற அவர், சோதிடத்தையும் இரசவாதத்தையும் காரணங்காட்டி மறுத்தார். மந்திரத்தால் புதையல் தேடி அலைவோரைப் பற்றி அவர் கூறுவது மிகவும் சிந்திக்கத்தக்கது. உழவு, வணிகம், கைத்தொழில் போன்ற இயல்பான வழிகளில் பிழைக்க இயலாமையே பலரை அவ்வழியில் தள்ளுகிறது என அவர் கண்டார். மந்திர நாட்டத்துக்கு வாழ்வாதாரத்தில் காரணம் தேடிய இந்நோக்கு, பிற்காலச் சமூகவியலுக்கு முன்னோடி எனலாம்.

மானிடவியலும் வல்லம் வடகாலும்

போலந்தில் பிறந்த மானிடவியல் அறிஞர் மாலினோவ்ஸ்கி, பசிபிக் பெருங்கடலின் திரோபிரியாந்துத் தீவுகளில் ஓர் உண்மையைக் கண்டார். அமைதியான உப்பங்கழியில் மீன் பிடிப்போர் மந்திரம் செய்யவில்லை. ஆபத்து நிறைந்த ஆழ்கடலுக்குச் செல்வோரே விரிவான மந்திரச் சடங்குகளைச் செய்தனர். மனித அறிவும் திறனும் எட்டாத இடத்தில் மந்திரம் புகுகிறது என்பது அவர் முடிபு.

இக்கருத்தை நம் மாணவ மாணவியர் பலர் வேலை தேடிச் செல்லும் ஓரிடத்தில் பொருத்திப் பார்ப்போம். திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தில் உள்ளது வல்லம் வடகால். சிப்காட் தொழிற்பூங்கா அமைந்த இவ்வூரில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான விடுதி வளாகம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் திறக்கப்பட்டது. இத்தகைய வழித்தடத்தில் செல்லும் சரக்குந்துகளின் முகப்பில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும். கட்டி முடியாத கட்டடத்தின் முன் திருஷ்டிப் பூசணி தொங்கும். அளந்து இயங்கும் இயந்திரத்தை நம்புகிற மனிதன், விபத்து நேரக்கூடிய சாலையில் எலுமிச்சையையும் உடன் கொண்டு செல்கிறான்.

இயந்திரம் நிறைந்த இடத்தில் பேய்பிடித்தல் மறைந்துவிடும் என எண்ணுவோருக்கு ஐவா ஓங் என்னும் மானிடவியல் அறிஞர் 1987இல் வெளியிட்ட நூல் விடை தருகிறது. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கிராமங்களிலிருந்து தொழிற்சாலைகளுக்கு வந்த மலாய் முஸ்லிம் இளம்பெண்களை அவர் ஆய்ந்தார். நாள் முழுதும் நுண்ணோக்கியில் கண்பதித்து மின்னணு உறுப்புகளை இணைத்த பெண்களுள் சிலர், அதனுள்ளேயே பேயுருவைக் கண்டு அலறினர். நிர்வாகத்தினர் போமோ எனப்படும் மந்திரவாதியை அழைத்துக் கழிப்புச் செய்தனர். கடும் வேலைக் கட்டுப்பாட்டுக்கும் பிறந்த மண்ணின் பிரிவுக்கும் எதிராக வாய்திறவாத எதிர்ப்பே அவ்வலறல் என்பது அவர் விளக்கம். சங்கத் தோழி அறிந்த உண்மையை இருபதாம் நூற்றாண்டின் ஆலையில் மீண்டும் காண்கின்றோம். ஆதலின் வீட்டைப் பிரிந்து விடுதியில் வாழும் மகள் ஒருத்தி அச்சமென்றோ மயக்கமென்றோ கூறினால், தாயத்துக் கட்டுமுன் அவளது உறக்கம், உணவு, வேலை நேரம் பற்றிப் பெற்றோர் வினவுதல் வேண்டும்.

மருத்துவமும் சட்டமும்

வினவாமையின் விலை எத்துணைப் பெரிது என்பதை ஏர்வாடி நமக்கு உணர்த்தியது. சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது அவர்கள் அடங்கியுள்ள அவ்வூருக்கு மனநோயுற்றோரை எல்லாச் சமயத்தாரும் அழைத்து வருவர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து இதனை விசாரித்தது. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் நோயாளிகளைச் சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்கிறது. தாயத்து, மந்திரம் ஆகியவற்றால் நோய் தீரும் என விளம்பரம் செய்து ஏமாற்றுவதைத் தடுக்க 1954ஆம் ஆண்டிலேயே நடுவணரசு சட்டம் இயற்றியுள்ளது.

மருத்துவ ஆய்வின் மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. தமிழ்நாட்டு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளர் 31 பேரை இரகுராம் முதலிய ஆய்வாளர் அளவுகோல் கொண்டு ஆய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவினை வெளியிட்டனர். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்குச் சிறப்பான சடங்கு எதுவும் நிகழவில்லை. அச்சுறுத்தாத, அரவணைக்கும் சூழலே பயனளித்தது என்று அவர்கள் கருதினர். ஆகவே புனிதத் தலத்தின் அமைதி நோயாளிக்குத் துணையாகலாம். சங்கிலி ஒருநாளும் துணையாகாது.

குஜராத் மாநிலம் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய 'தவா–துவா' திட்டம் இவ்வுண்மையின் மேல் எழுந்தது. முஜாவர்களே நோயாளியை மனநல மருத்துவரிடம் அனுப்புவர்; துவாவும் தொடரும், மருந்தும் தொடரும். ஏர்வாடியிலும் இத்தகைய திட்டத்தை நம் மாநில அரசு மேற்கொண்டது.

முடிவுரை

இலக்கியம் துயரத்தைக் காட்டுகிறது. மார்க்கம் எல்லையை வகுக்கிறது. மானிடவியல் காரணத்தைத் தேடுகிறது. மருத்துவம் நோயைத் தணிக்கிறது. சட்டம் எளியோரைக் காக்கிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் பற்றி நிற்போர் மாந்திரீகத்தின் முழு உருவை அறியார். இறைவன் நோயை இறக்கியபோதே அதற்குரிய மருந்தையும் இறக்கியுள்ளான் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியுள்ளார்கள். அம்மருந்தைத் தேடுதல் நம் கடமை. சமுதாயப் பெரியோர் தம் ஊர்த் தர்காக்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் இடையே பாலம் அமைத்திடவும், தமிழ் மாணவர் தம் ஊர் வழக்கங்களை அச்சமின்றித் தொகுத்து ஆய்ந்திடவும் வேண்டுகின்றோம். இம்முயற்சிக்கு வல்ல அல்லாஹ் துணை புரிவானாக!